உதயகலாவின் கரைசல்

தக்காளிச் செடி பச்சை மாறாமலே சாகும் என்பதை உதயகலா அந்தத் தை மாதம்தான் கண்டாள். அதுவரை அவள் கண்ட சாவெல்லாம் மஞ்சளித்து, கருகி, காய்ந்து வருகிற சாவு. இது வேறு. காலையில் நிமிர்ந்து நின்ற செடி மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டது. பொழுதுபட மெல்ல எழும்பியது. மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் விழுந்தது விழுந்ததுதான். இலையில் ஒரு புள்ளி இல்லை, ஒரு பூச்சி இல்லை. கொதிதண்ணீர் பட்ட கீரைபோலத் துவண்டு கிடந்தது.

அது அவளுடைய தங்கை சிவகௌரியின் தோட்டம். கௌரி வரம்பில் குந்தியிருந்து ஒரு செடியின் அடித்தண்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காளின் நிழல் விழுந்ததும் தலையை நிமிர்த்தினாள்.

"தண்ணி காணாதோ அக்கா?"

"நேற்றுத்தானே இறைச்சது. ஈரம் கிடக்கு. வேருக்குச் சத்துக் காணேல்லைப் போலை. பின்னேரம் ரெண்டு வாளி கரைசல் கொண்டந்து விடுறன்."

பின்னேரம் அவள் இரண்டு வாளியோடு நிற்கவில்லை. துவண்ட செடி எல்லாவற்றின் அடியிலும் நிறைய நிறைய ஊற்றினாள். தங்கையின் செடி என்பதால் தன் செடிக்கு ஊற்றுவதைவிடக் கூடவே ஊற்றினாள்.

கட்டுவன் பக்கத்திலிருந்த அந்தக் காணியை இரண்டு பெண்களுக்குமாகத் தகப்பன் எழுதிவைத்தபோது உதயகலா சின்னப் பிள்ளை, கௌரி தவழ்கிற குழந்தை. எழுதிய மை காயுமுன் ஊர் இடம்பெயர்ந்தது. காணி இராணுவத்தின் முள்ளுக்கம்பிக்கு உள்ளே போனது. அது திரும்பக் கிடைக்கும்போது தகப்பனும் இல்லை, தாயும் இல்லை. இரண்டு பெண்களும் கலியாணம் கட்டி மருதனார்மடத்தில் ஒரே வளவில் வாடகைக்கு இருந்தார்கள். கம்பியை அறுத்துத் திறந்துவிட்ட அன்று உள்ளே போய்ப் பார்த்தால், பற்றைக்காடு. பற்றையை வெட்டி, தூர்ந்துபோன கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கி, கல் பொறுக்கி, நடுவிலே வரம்பு கட்டி, கிழக்குப் பாதி அக்காளுக்கு, மேற்குப் பாதி தங்கைக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கிணறு மட்டும் பங்குக் கிணறு. பிறகு அவரவர் பாதியில் சின்ன வீடு போட்டு அங்கேயே குடிவந்தார்கள். மிதிபடாமலும் மருந்து படாமலும் அவ்வளவு காலம் கிடந்த செம்மண் அது. முதல் போகத்தில் வெங்காயம் வைத்த கௌரியின் புருசன் சுபாஸ்கரன், பிடுங்கிய பிடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே நின்றான். வயது முழுக்க அடுத்தவன் தோட்டத்தில் கூலிக்குக் கொத்திய மனிதன். தன் மண்ணில் தான் விளைவித்ததை அன்றுதான் பிடித்துப் பார்த்தான்.

பிறகு ஒரு நாள் அரசாங்கம், இனிச் சாணி, தழை என்ற சேதனப் பசளை மட்டும்தான் என்று சொல்லி, செயற்கைப் பசளைக்குத் தடை போட்டது. யூரியா வாங்க வரிசையில் நின்ற சனம் வெறும் பையோடு திரும்பி வந்தது. அப்போதுதான் உதயகலாவுக்குக் கமநல சேவை நிலையத்தில் முன்னொருமுறை படித்த கரைசல் ஞாபகம் வந்தது.

படிப்பித்தவர் ஜெனிஸ் என்ற விவசாயப் போதனாசிரியர். இளம் ஆள். மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மாட்டுச் சாணம், கோசலம், சர்க்கரை, பயற்றம் மா, மரத்தடி மண் ஒரு பிடி. எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பீப்பாய்ப் பரலில் கரைத்து நிழலில் வைத்துக் காலையும் மாலையும் தடியால் கலக்கிவர வேண்டும். "மண் ஒரு பிடி எதுக்கெண்டால், அதுக்குள்ளைதான் கண்ணுக்குத் தெரியாத பற்றீரியா இருக்கு," என்று அவர் விளக்கியிருந்தார். "சர்க்கரையையும் மாவையும் திண்டு அது கோடிக்கணக்கிலை பெருகும். நீங்கள் ஊத்துறது பசளை இல்லை, அக்காமார். வேலையாள். மண்ணுக்குள்ளை பூட்டிக் கிடக்கிற சத்தை அந்த வேலையாள்தான் அவிட்டுச் செடிக்குக் குடுப்பான்."

உதயகலாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. அவளுக்குப் பிள்ளை இல்லை. புருசன் குகதாசன் மேசன் வேலைக்குப் போனால் பொழுதுபடத்தான் வருவான். மாட்டுக் கொட்டிலுக்கும் கிணற்றுக்கும் நடுவில் கிடுகால் ஒரு பத்தி இறக்கி, அதற்குக் கீழே நீலப் பரல்களை வரிசையாக வைத்தாள். காலையில் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பாள். முதல் நாள் சாணி மணம், பிறகு கள்ளு மணம், கடைசியில் மழை பெய்து விட்டபின் மண் விடுகிற மணம். நுரை எழும்பிக் கொப்புளம் வெடிக்கிற சத்தத்தைக் குனிந்து கேட்பாள். குகதாசன் சிரிப்பான். "உனக்கு உதுக்குள்ளை ஆரோ கதைக்கினமோ?" என்பான்.

அந்தச் சிறுபோகத்தில் பசளை இல்லாமல் ஊரெல்லாம் வெங்காயம் சோகை பிடித்து நின்றபோது அக்காள் தங்கை இருவரின் தாள் மட்டும் கரும்பச்சையாக நின்றது. கொத்தினால் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மண்வெட்டி போட்ட இடமெல்லாம் மண்புழு நெளிந்தது. ஜெனிஸ் ஆட்களைக் கூட்டிவந்து காட்டினார். மேலிடத்திலிருந்து வந்தவர்கள் பரலுக்குப் பக்கத்தில் அவளை நிற்கவிட்டுப் படம் எடுத்தார்கள். பிறகு சனம் பிளாஸ்டிக் கானும் கையுமாக வரத் தொடங்கியது. காசு கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. சாணியோ சர்க்கரையோ கொண்டுவந்து தருகிறவர் தந்தார்கள். "உதயாக்காவின்ரை கரைசல்" என்று அதற்கு ஒரு பேரும் வந்துவிட்டது.

மாரி முடிந்து, தக்காளியும் கத்தரியும் நடுகிற காலம் வந்தது. தடையை எடுத்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். ஆனால் கடையில் பசளை இல்லை. இருந்த இடத்தில் வாங்கக்கூடிய விலை இல்லை. வாசல் படலையில் நிற்கிற ஆட்கள் கூடிக்கொண்டே போனார்கள். உதயகலா பரலைக் கூட்டினாள். சாணி போதவில்லை, சர்க்கரை அகப்படவில்லை. இலைதழையை நறுக்கிப் போட்டும் கரைசல் செய்யலாம், எந்தப் பயிருக்கு ஊற்றுகிறோமோ அந்தப் பயிரின் தழையே அதற்கு மிகத் திறம் என்று யாரோ ஒரு கூட்டத்தில் சொன்னது நினைவில் வந்தது. கிளிசரியாத் தழை வெட்டினாள். கொட்டிலடியில் மாரி வெள்ளம் நின்ற துண்டில் அவளுடைய கத்தரி கொஞ்சம் துவண்டு கிடந்தது. தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் பிடுங்கிக் குவித்தாள்.

அப்போது கௌரி பக்கத்தில் நின்றாள். "அக்கா, உதை எரிப்பம். என்ன நோய் வருத்தமோ தெரியேல்லை."

"எரிச்சால் சாம்பல்தானே மிச்சம். கரைச்சால் பசளை," என்றாள் உதயகலா. வேரோடு, மண்ணோடு நறுக்கிப் பரலுக்குள் போட்டாள். அந்தப் பரலிலிருந்து ஒரு வாளி எடுத்து மற்றப் பரல்களுக்கும் உறைமோர் போல ஊற்றினாள். கள்ளு மணம் வருமுன்னரே ஆட்கள் கானை நீட்டினார்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்றால் நடுகை பிந்துகிறது என்றார்கள். அவள் வடித்துக் கொடுத்தாள். முதல் கான் கௌரிக்குத்தான், புதிதாக நட்ட தக்காளிக்கு ஊற்ற.

கௌரியின் தக்காளிதான் முதலில் விழுந்தது. பிறகு, கரைசல் வாங்கிப்போன தியாகராசா என்ற முதியவரின் கத்தரி விழுந்தது. பிறகு வீட்டுக்கு முன்னால் போகிற ஒழுங்கைக்கு அந்தப் பக்கம், அதற்கப்பால் அச்சுவேலி றோட்டுப் பக்கம். விழ விழச் சனம் அவளிடம் இன்னும் கரைசல் கேட்டு வந்தது. அவளும் கொடுத்தாள். அதற்குள் கௌரியின் பாதித் தோட்டம் படுத்துவிட்டது. கிணற்று வாய்க்காலின் முடிவிலே மிளகாய் நின்ற துண்டு மட்டும் தப்பி நின்றது. அதற்குக் கரைசல் ஊற்ற இன்னும் முறை வரவில்லை.

ஜெனிஸ் மோட்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். கௌரியின் தோட்டத்தில் ஒரு செடியைப் பிடுங்கிக்கொண்டு உதயகலாவின் குசினிக்கு வந்தார். "அக்கா, கண்ணாடிக் கிளாஸ் ஒண்டு. நல்ல தெளிஞ்ச தண்ணி."

தண்டின் அடியைச் சரிவாக வெட்டினார். வெட்டிய பக்கம் தண்ணீரில் தொடும்படி கிளாஸ் விளிம்பில் தொங்கவிட்டார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. வெட்டுவாயிலிருந்து வெள்ளையாக ஒரு நூல் இறங்கியது. மெல்லியது, பாலில் தோய்த்தெடுத்ததுபோல. அது வளைந்து வளைந்து அடிக்குப் போய்ப் பரவியது. பின்னால் இன்னொரு நூல். கொஞ்சத்தில் தண்ணீர் முழுக்க மங்கிவிட்டது.

"பற்றீரியா வாடல்," என்றார் ஜெனிஸ். "தண்டுக்குள்ளை தண்ணி ஏறுற குழாயெல்லாம் அடைச்சுப் போடும். அதுதான் பச்சையாய்ச் சாகுது."

"மருந்து?"

"இல்லை."

நாற்று எங்கே வாங்கியது என்று கேட்டார். கௌரி அச்சுவேலியில் வாங்கினாள். தியாகராசா சொந்தமாக மேடை போட்டார். மற்றவர்கள் வேறு வேறு இடம். கிணறும் வேறு வேறு. "அப்ப எல்லாருக்கும் பொதுவாய் இருந்தது..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். குசினி வாசலுக்கூடாகப் பரல்கள் தெரிந்தன.

உதயகலா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சேர், கத்தரிக்கும் உந்த வருத்தம் வருமோ?"

"கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை, எல்லாம் ஒரு குடும்பம்தானே அக்கா. யாழ்ப்பாணத்துச் சனம் கை வைக்கிற பயிரிலை பாதி அந்தக் குடும்பம்தான்."

"மாரிக்குள்ளை என்ரை கத்தரி கொஞ்சம் வாடினது. நான் நறுக்கிப் பரலுக்குள்ளை போட்டனான்."

ஜெனிஸ் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "வேரோடையோ?"

"வேரோடைதான். மண்ணோடையும்."

"கன நாள் ஊற விட்டனீங்களோ?"

"விடேல்லை. சனம் படலையிலை நிண்டது."

அவர் நெற்றியை உள்ளங்கையால் தேய்த்தார். நல்லதும் கெட்டதும் ஒரே சாப்பாட்டைத்தான் தின்னும் என்றார். நன்றாகப் புளிக்கவிட்டிருந்தால் கெட்டது சிலவேளை செத்திருக்கும், ஆனால் அதையும் நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்றார். பரலிலிருந்து ஒரு போத்தல் வடித்து, பரிசோதனைக்கு அனுப்ப எடுத்துக்கொண்டார். "மிச்சத்துக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கிடக்கவிட்டு, பேந்து ஆழக் குழி வெட்டித்தான் ஊத்தவேணும். பவுடர் இப்ப கடையிலை இல்லை, நான் எப்பிடியும் தேடிக் கொண்டாறன். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது."

படலை மட்டும் போனவர் திரும்பி வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அக்கா, ரிப்போட் வரும்வரைக்கும் வெளியிலை கதைக்காதேங்கோ. நான்தான் எல்லாரையும் உங்களிட்டை கூட்டி வந்தனான். இப்ப நான் வாய் திறந்தால், சேதனப் பசளைக்கு எதிராய்க் கதைக்கிறன் எண்டு மேலிடத்திலை பிடிப்பினம்."

அவர் முகத்தில் இருந்த பயத்தைக் கண்டு உதயகலாவுக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை.

குகதாசனும் அதையே சொன்னான். வேலையால் வந்து, கை காலில் ஒட்டிய சீமெந்தைக் கழுவிக்கொண்டே சொன்னான். "சனம் அரசாங்கத்தைத் திட்டுது. திட்டட்டும். நீ ஏன் வலிய உன்ரை தலையைக் கொண்டுபோய் நீட்டுறாய்?"

"கௌரிக்குமோ சொல்லக்கூடாது?"

அவன் துவாயை எடுத்து முகத்தை நெடுநேரம் துடைத்தான்.

மறுநாள் காலை கௌரி கிணற்றடியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை தோய்த்துக்கொண்டிருந்தாள். உதயகலா தோய்கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னாள். கௌரியின் கை சவர்க்கார நுரைக்குள் அப்படியே நின்றது.

"நான் அண்டைக்கே எரிப்பம் எண்டு சொன்னனான்," என்றாள்.

"ஓம்."

"நட்ட நேரம் தக்காளி முழுக்க நான்தான் ஊத்தினனான். இவர் போதுமெண்டு சொல்லச் சொல்ல நான்தான் ஊத்தினனான். அக்கா தந்ததெண்டு." அவள் அழவில்லை. சட்டையைப் பிழிந்தாள், உதறினாள், திரும்பவும் பிழிந்தாள். "மிளகாய்க்கு நீ ஏதும் ஊத்தினியோ?"

"இல்லை. இன்னும் இல்லை."

"அப்ப அந்தப் பக்கம் வராதை. உன்ரை கால் படவேண்டாம்."

உதயகலா தலையை ஆட்டினாள். தன் வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது கால் எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல நடந்தாள்.

அன்று மத்தியானம் தியாகராசா வந்தார். சைக்கிள் கரியரில் கான் கட்டியிருந்தது. அவரை ஊரில் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் இரண்டு ஆண்பிள்ளைகளையும் இழந்தவர். இப்போது அவரும் மனைவியும்தான். கத்தரிதான் அவர்களுக்கு எல்லாம்.

"பிள்ளை, கத்தரி தலையைப் போட்டுட்டுது. ரெண்டு கான் தா."

"இல்லை அண்ணை. முடிஞ்சுது."

அவர் பத்தியைப் பார்த்தார். "பரல் நிறைஞ்சு கிடக்கு. முடிஞ்சுது எண்டுறாய்?"

"அது கூடாது அண்ணை. பழுதாப் போச்சு."

"பழுதெண்டாலும் பரவாயில்லை, தா. என்ரை பெறாமகன், அண்ணன்ரை பொடியன், உருளைக்கிழங்கு போட்டிருக்கிறான். இப்பத்தான் முளைச்சு வருது. உதயாவின்ரை தண்ணி கொஞ்சம் எடுத்துத் தாங்கோ சித்தப்பா எண்டு கரைச்சல். அவனுக்கு ஒரு கான், எனக்கு ஒரு கான்."

அவர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். உதயகலா போய்க் கானைப் பிடித்துக்கொண்டாள். "உருளைக்கிழங்குக்கு ஊத்தாதேங்கோ அண்ணை. ஒண்டுக்கும் ஊத்தாதேங்கோ. இதுக்குள்ளைதான் வருத்தம் இருக்கு. என்ரை பரலுக்குள்ளையிருந்துதான் எல்லாருக்கும் போனது."

தியாகராசாவுக்குக் காது மந்தம். திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் திரும்பச் சொன்னாள். உரத்துச் சொன்னாள். ஒழுங்கையால் போன இரண்டு பேர் நின்று கேட்டார்கள்.

"நான் பூசைத் தண்ணி மாதிரியெல்லோ ஊத்தினனான் பிள்ளை," என்றார் அவர். "ஒவ்வொரு அடிக்கும் சிரட்டையாலை அளந்து, சிந்தாமல் ஊத்தினனான்."

பிறகு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். கானை விட்டுவிட்டுப் போனார்.

அடுத்த நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் ஆட்கள் வந்தார்கள். குகதாசன் வேலைக்குப் போயிருந்தான். வந்தவர்கள் எல்லோரும் தெரிந்த முகம். அவளிடம் கரைசல் வாங்கியவர்கள், அவள் வீட்டில் தேத்தண்ணி குடித்தவர்கள். முதலில் கேள்விதான் கேட்டார்கள். மெய்யோ என்றார்கள். அவள் ஓம் என்றாள். வேணுமென்று செய்தாயோ என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்கு உதயகலாவின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த ஒரு கணம் போதுமாக இருந்தது. பின்னுக்கு நின்ற ஒருவன், குத்தகைக் காணியில் தக்காளி போட்டவன், பத்திக்குள் பாய்ந்து முதல் பரலைக் காலால் உதைத்தான்.

"ஐயோ, ஊத்தாதேங்கோ!" என்று உதயகலா கத்தினாள். "தம்பியவை, தயவுசெய்து ஊத்தாதேங்கோ!"

"இவ்வளவு நடந்தும் இவளுக்குத் தன்ரை பரல்தான் பெரிசு!"

அவள் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது பரல் சரிந்தது, மூன்றாவது சரிந்தது. கரும்பச்சைத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு முற்றத்தால் ஓடியது. கொட்டிலடி மண் கிணற்றுப் பக்கம் சரிவு. பரல் வைக்கும்போது, கழுவுகிற தண்ணீர் வாய்க்காலில் விழுந்து தோட்டத்துக்குப் போகட்டும் என்று அவள்தான் அந்தச் சரிவை வெட்டியவள். தண்ணீர் வழி தெரிந்ததுபோல வாய்க்காலில் இறங்கியது. வாய்க்கால் மேற்கே திரும்பிக் கௌரியின் மிளகாய்க்குப் போகிறது.

உதயகலா ஓடினாள். மண்வெட்டி எடுக்க நேரமில்லை. வாய்க்காலுக்குள் முழங்காலில் விழுந்து இரண்டு கையாலும் செம்மண்ணை அள்ளி அள்ளி அணை போட்டாள். அணை கரைந்தது. நெஞ்சைக் கொடுத்துக் குறுக்கே படுத்தாள். நாற்றத் தண்ணீர் அவளுடைய தோளுக்கு மேலாலும் விலாவுக்குக் கீழாலும் போனது. "கௌரி! வாய்க்காலை வெட்டு! வெட்டு!"

கௌரி மண்வெட்டியோடு ஓடிவந்தாள். மிளகாய்ப் பாத்திக்கு முன்னால் வாய்க்காலின் கரையை வெட்டி வெளியே திருப்பப் பார்த்தாள். இரண்டு வெட்டுத்தான் விழுந்திருக்கும். தண்ணீர் அவளுடைய காலைத் தாண்டிப் பாத்திக்குள் போய் நின்றது. கொஞ்ச நேரம் மினுங்கியது. பிறகு மண் அதைக் குடித்துவிட்டது. அவ்வளவு நல்ல மண் அது. எதை ஊற்றினாலும் உடனே குடிக்கும்.

அப்போதுதான் வந்தவர்களுக்கு விளங்கியது. பரலை உதைத்தவன் முகம் வெளிறி நின்றான். ஒருவர் பின்னால் ஒருவராகப் படலையால் வெளியே போனார்கள். சுபாஸ்கரன் மிளகாய்ப் பாத்தி வரம்பில் நின்று கொண்டிருந்தான். அவன் யாரையும் ஏசவில்லை. சேற்றுக்குள் கிடந்த மச்சாளைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். தூக்கிய கையைப் பிறகு ஒரு வேற்றுக் கையைப் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மிளகாய் மாசி முடியுமுன் விழுந்தது.

பரலில்தான் வருத்தம் இருந்தது என்று பரிசோதனை முடிவு வந்தபோது எல்லோருக்கும் ஏற்கனவே தெரிந்திருந்தது. பெரிய இடத்து ஆட்கள் வந்தார்கள். வெயிலையும் மாரி வெள்ளத்தையும் விதையையும் பற்றிக் கதைத்தார்கள், கரைசலைப் பற்றிக் கதைக்கவில்லை. ஜெனிஸ் மட்டும் மாறாமல் வந்துபோனார். பின்னர் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றம் வந்தது. போகுமுன் எல்லாத் தோட்டத்துக்கும் நடந்து திரிந்து சொன்னார். செடி முழுவதையும் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். கத்தரி, தக்காளிக் குடும்பத்துப் பயிர் எதையும் பல வருடத்துக்கு வைக்கக்கூடாது. சோளம் போடலாம், குரக்கன் போடலாம், வெங்காயம் வைத்துப் பார்க்கலாம். மண்ணுக்குள் நல்லது பெருகப் பெருகக் கெட்டது ஒடுங்கும்.

"எத்தினை வருஷம் சேர்?" என்று உதயகலா கேட்டாள்.

"தெரியாது அக்கா," என்றார். அவர் அவளுக்குச் சொன்னதில் அதுதான் மிக நேரான பதில்.

ஊர் முழுக்கப் புகை எழும்பியது. எரிகிற பச்சைத் தக்காளியின் மணம் உடுப்பில் ஏறி நின்றது. அவளை யாரும் அடிக்கவில்லை. ஆனால் கடையில் சாமான் கொடுக்கிறவர் தட்டில் வைத்துத் தள்ளினார். கோயிலில் அவள் நின்ற தூணுக்குப் பக்கத்தில் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது தியாகராசாவின் பெறாமகனின் தோட்டத்தைக் கண்டாள். உருளைக்கிழங்கு வரிசை வரிசையாக மண் அணைத்து, பச்சைப் பசேலென்று நின்றது. அந்த ஒன்று தப்பியிருந்தது. அதைப் பற்றி அவளிடம் யாரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை. அவள் கழுத்தைத் திருப்பி, கண்ணுக்குத் தெரியும்வரை பார்த்துக்கொண்டு போனாள்.

பங்குனியில் சுபாஸ்கரன் வட்டக்கச்சிக்குப் போய், ஒரு உறவுக்காரரின் வயற்காணியில், விளைச்சலில் பங்கு கொடுக்கிற வாரத்துக்குச் செய்யப் பேசிவிட்டு வந்தான். கௌரி அதை அக்காளிடம் கிணற்றடியில் சொன்னாள்.

"சோளம் போட்டுக்கொண்டு இருக்கலாமே," என்றாள் உதயகலா. "இவ்வளவு காலம் காத்திருந்து கிடைச்ச காணி."

"சோளத்தைத் திண்டு பிள்ளையள் படிக்க ஏலாது அக்கா. இவர் ராவிலை நித்திரை கொள்றேல்லை. விடிய எழும்பிப் போய் வெறும் தறையைப் பார்த்துக்கொண்டு நிக்கிறார். நான் அவரை இங்கையிருந்து கொண்டுபோக வேணும்."

"என்னாலைதானே."

கௌரி வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள்.

போகிற நாளில் லொறி வந்து ஒழுங்கையில் நின்றது. சாமான் அதிகமில்லை. ஏற்றுமுன் கௌரி மண்வெட்டி, கடகம், வாளி, செருப்பு எல்லாவற்றையும் முற்றத்தில் குவித்தாள். ஜெனிஸ் போகுமுன் தேடிக் கொடுத்த பிளீச்சிங் பவுடரை ஒரு தாச்சிச் சட்டியில் கரைத்து, தென்னந்தும்பால் ஒவ்வொன்றாகத் தேய்க்கத் தொடங்கினாள். மண்வெட்டிப் பூணின் இடுக்கில் ஒட்டியிருந்த செம்மண்ணை ஆணியால் கிண்டி எடுத்தாள். பிள்ளைகளின் சப்பாத்து அடியைத் தேய்த்தாள். அங்கே போகிற இடத்துக்கு இந்த மண்ணில் ஒரு துகளும் வரக்கூடாது.

உதயகலா வரம்பில் நின்று பார்த்தாள். பிறகு வந்து எதிரே குந்தியிருந்து ஒரு செருப்பை எடுத்தாள். கௌரி மறிக்கவில்லை. இரண்டு பேரும் தேய்த்தார்கள். பவுடர் மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. இரண்டு பேருக்கும் கண்ணால் நீர் ஓடியது. அது எதனால் என்று ஒருவரும் மற்றவரைக் கேட்கவில்லை.

லொறி புறப்படப் போகும்போது உதயகலா தாச்சியோடு ஓடிவந்து சக்கரச் சில்லுகளுக்கு ஊற்றத் தொடங்கினாள்.

"என்னம்மா இது, லொறியைக் குளிப்பாட்டுறியளோ?" என்று சாரதி ஏசினான்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை," என்று உள்ளேயிருந்து கௌரியின் குரல் கேட்டது. "அக்கா ஊத்தி முடிக்கட்டும்."

உதயகலா நான்கு பக்கமும் சுற்றி வந்து ஊற்றினாள். சில்லிலிருந்து சிவப்பாக வடிந்த தண்ணீர் மெல்ல மெல்ல வெளிறியது. அவள் தாச்சியைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கி நின்றாள். கௌரி கதவுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள்.

"முருங்கையிலை காய் முத்துது. பிடுங்கு, வீணாக்காதை."

"ஓம்."

"அத்தானைக் கேட்டதாய்ச் சொல்லு."

"ஓம். போட்டு வா."

லொறி ஒழுங்கை முடக்கில் திரும்பி மறைந்தது. உதயகலா தாச்சியைக் கொண்டுபோய்க் கொட்டிலில் வைத்தாள். பிறகு கௌரியின் வெறும் தோட்டத்துக்குள் போய், வெயில் ஏறுமுன் சோளம் போடுவதற்குப் பாத்தி கொத்தத் தொடங்கினாள்.